அஞ்சு அக்கா தங்கச்சிங்க மேல ஒரு நாள்

வேலூர்ல பொறந்தவங்களுக்கு இது மனப்பாடம். மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சாமி மட்டும் 1981ல ஜலகண்டேஸ்வரரா திரும்ப கோயிலுக்குள்ள வந்துட்டாரு, மத்த மூணும் அப்படியேதான் இருக்கு. சத்துவாச்சாரில எங்க வீட்டு மாடில நின்னா அந்த மொட்டை மலைங்கதான் எதிர்ல தெரியும், சின்ன வயசுலேர்ந்து அதுல ஏறி எறங்கின காலு இது, அந்தக் காலை வெச்சிக்கினுதான் போன ஜூன்ல ஸ்காட்லாந்துல ஒரு மலை மேல நாள் முழுக்க நடந்தேன். ஊருக்கு வந்து இத்தினி மாசம் ஆயும் மனசு அங்கயே சுத்தினு இருக்கு.

மச்சான் இன்வெர்னஸ்ல வேலைல இருக்கான். அங்கேர்ந்து கார்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள க்ளென் ஷீல் பள்ளத்தாக்கு, ரோட்டுக்கு வடக்கால சுவர் எழுப்பின மாதிரி வரிசையா நிக்குது மலைங்க. பேரு ஃபைவ் சிஸ்டர்ஸ் ஆஃப் கிண்டேல். ஆதியில ஏழு பொண்ணுங்களாம், புயல்ல கரை ஒதுங்கின அயர்லாந்து ராஜகுமாரனுங்க ரெண்டு பேரு கடைசி ரெண்டு பொண்ண கட்டினு போயிட்டாங்க, எங்க அண்ணனுங்க அஞ்சு பேர அனுப்பறோம்னு சொல்ட்டு போனவங்க அனுப்பவே இல்ல, காத்துனு இருந்த அஞ்சு பேரும் மலையாயிட்டாங்கன்னு கதை. கேட்டதும் எனக்கு நம்ம ஏரிக்கரை கன்னிமார்தான் ஞாபகம் வந்தாங்க, ஏழு கல்லு, மஞ்சள், பொங்கல். ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மனசுக்குள்ள கும்பிட்டுக்கினேன்.

மொத ஏத்தம் ரொம்பக் கஷ்டம். வளைஞ்சி வளைஞ்சி போற வழியெல்லாம் இல்ல, புல்லுச் சரிவுல நேரா மேல, காலுக்குக் கீழ பூரா ஊறின மண்ணு. "இன்னா மாமா, மூச்சு வாங்குதா, நின்னு போலாமா"ன்னு மச்சான் கேட்டுனே வந்தான். 725 மீட்டர்ல ஒரு கணவாய், அது மேல கால வெச்சா அதுக்கப்புறம் முதுகெலும்பு மேல நடக்கற மாதிரிதான், ரெண்டு பக்கமும் பள்ளம், மேற்கு பாத்து போயினே இருக்கணும்.

அங்க மேகம் எறங்கிடுச்சி. மச்சான் மேப்பும் காம்பஸும் எடுத்துட்டான், பத்தடிக்கு முன்னாடி அவன் முதுகு மட்டும்தான் தெரியுது. அந்த மூட்டத்துல நாங்க தாண்டின ஒரு சிகரத்துக்குப் பேரே ஸ்பெயின்காரங்க சிகரம். 1719 ஜூன் 10ந்தேதி இங்க சண்டை, பழைய ராஜ வம்சத்த திரும்ப கொண்டாரணும்னு எழுந்தவங்களுக்குத் துணையா ஸ்பெயின் சிப்பாய்ங்க வந்திருந்தாங்க, தோத்துட்டாங்க, அடுத்த நாள் சரணடைஞ்சாங்க. நம்ம கோட்டைல 1806 ஜூலை 10ல நடந்த சிப்பாய் புரட்சிய கேட்டு வளந்தவன் நான். திப்பு கொடிய ஏத்தினவங்களும் பழைய ராஜாவ நெனச்சவங்கதான, நம்ம ஊர்ல அவங்க பேர்ல எந்த மலையும் இல்லியேன்னு அந்தக் குளிர்ல தோணிச்சி.

மூணாவது அக்கா ஸ்கூர் ஊரன், இருக்கறதுலயே பெரியவ, 1067 மீட்டர். ஏறக்குறைய நம்ம ஏலகிரி உசரம்தான், ஆனா ஏலகிரி பொன்னேரி அடிவாரமே கடல் மட்டத்துக்கு எவ்ளோ மேல இருக்கு, இங்க அடிவாரமே கடலு. உச்சில கல்லுக்கு மறவா குந்தினு புளிசோத்த பிரிச்சோம், கையி வெறைச்சிப் போயி உருண்டை புடிக்க வரல, மச்சானுக்காக கொண்டு போன ஆற்காடு மக்கன் பேடாவும் ஆளுக்கு ஒண்ணு. சாப்புட்டு நிமுந்தா காத்து மேகத்த தள்ளிடுச்சி, ஒரு நிமிஷம்கூட ஆவல, கீழ அப்படியே லாக் டூயிக்.

லாக்னு அங்க ஏரியயும் சொல்லுவாங்க, மலைக்குள்ள பூந்த கடலயும் சொல்லுவாங்க, இத ஏரின்னு நெனச்சிடாதீங்க. பனிப்பாறை ஆறு மாதிரி எறங்கி பள்ளத்தாக்க ஆழமா அரிச்சிட்டுப் போன எடத்துல கடலு உள்ள பூந்து நிக்குது, மலைக்கு நடுவுல உப்புத்தண்ணி, கடல் மாதிரியே தண்ணி ஏறி எறங்கறதும் உண்டு. அந்தத் தண்ணி மேற்கால போயி வேற ரெண்டு லாக்கோட கூடற எடத்துல எய்லீன் டோனன் கோட்டை, அதுக்கும் அப்பால ஸ்கை தீவு மலைங்க நீலமா. பாலாத்துல மணலையே பாத்து வளந்தவனுக்கு அது இன்னா பண்ணும்னு சொல்லத் தெரியல. கண்ணுல தண்ணி வந்துடுச்சி, மச்சான் பாத்துட்டு ஒண்ணும் பேசல.

மிச்ச ரெண்டு தங்கச்சிங்களையும் தாண்டி எறங்கறதுக்குள்ள முட்டி ரெண்டும் போச்சி, கடைசி எறக்கம் அவ்ளோ செங்குத்து. கீழ வந்தா கடல்பாசி வாசனை. ஷூவ கழட்டிட்டு கைல ஒரு வாய் அள்ளி நாக்குல வெச்சேன், நல்ல கரிப்பு. மணி ஒம்போதரை, இன்னும் பகல் வெளிச்சம்.

ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்தினே இருந்துச்சி, அந்தச் சரிவுங்களும் மொட்டை. மேல குளிருக்கு மரம் நிக்காது சரி, ஆனா அடிவாரச் சரிவெல்லாம் ஒரு காலத்துல காடு, வெட்டினாங்க, அப்புறம் குடியிருந்த ஜனத்தையே காலி பண்ணிட்டு ஆட்டுப் பண்ணை வெச்சாங்க, இப்ப மானு பெருத்து மொளைக்கற கன்ன எல்லாம் மேஞ்சிடுது. ஹைலேண்ட்ஸ்ல பல எடத்துல மானு வராம வேலி போட்டு மரத்த திரும்ப வளக்கறாங்கன்னு மச்சான் சொன்னான். அதக் கேட்டதுலேர்ந்து மரமில்லாத மலைன்னு நம்ம ஊர யாராவது சிரிச்சினே சொன்னா எனக்குக் கூட சேந்து சிரிக்க வரல. நாங்க நாலு பேரு ஆடி மாசம் எங்க தெருவுக்குப் பின்னாடி மலையடில ஒம்போது வேப்பங்கன்னு நட்டோம், சுத்தி முள்ளு வெட்டி வெச்சோம், அதையும் தாண்டி ஆடு பூந்து அஞ்ச கடிச்சிடுச்சி, நாலு நிக்குது. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு தண்ணி தூக்கினு போறோம், சத்துவாச்சாரி பக்கம் இருக்கறவங்க ஒரு கேன் எடுத்துனு வாங்க.