டெசர்டேஷன் எழுதுற தம்பி தங்கச்சிங்களுக்கு

சோசியாலஜி, சோசியல் ஒர்க் படிக்கிற பசங்களோட டிராஃப்ட் வரிசையா படிச்சிட்டு இருக்கேன். ஊருக்குப் போயி வெயில்ல நின்னு பேட்டி எடுத்துட்டு வர்றாங்க, ஆனா எழுத உக்காந்ததும் அந்த ஊரே காணாம போயிடுது, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

நூறு நாள் வேலை பத்தின ஒரு டிராஃப்ட்ல "ஊதியம் தாமதமாக வழங்கப்பட்டது"ன்னு ஒரு வரி, அவ்ளோதான். யாரு லேட் பண்ணா? பஞ்சாயத்துல மஸ்டர் ரோல் (வேலைக்கு வந்தவங்க வருகைப் பதிவு) அனுப்பலையா, பிளாக் ஆபீஸ்ல நின்னுச்சா, மேல இருந்து பணமே வரலையா? 2005ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துல மஸ்டர் ரோல் முடிஞ்ச 15 நாளைக்குள்ள கூலி கொடுக்கணும், தாண்டுனா ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் இழப்பீடுன்னு விதி வச்சிருந்தாங்க, அப்ப அந்த ஒரு வரிக்குள்ள ஒரு முழு சாப்டரே இருக்குல்ல? "வழங்கப்பட்டது", "கருதப்படுகிறது"ன்னு எழுதுற இடத்துல எல்லாம் நிறுத்தி யாருன்னு கேளுங்க ப்ளீஸ், அங்கதான் உங்க ஆராய்ச்சியே இருக்கு.

அப்புறம் பத்து அக்காங்ககிட்ட பேசிட்டு "கிராமப்புறப் பெண்கள் அதிகாரம் பெற்றுள்ளனர்"னு எழுதாதீங்க. கூலி யார் அக்கவுண்ட்ல ஏறுது, ஏடிஎம் கார்டு யார் கையில இருக்கு, அதை எழுதுங்க, போதும்.

லிட்ரேச்சர் ரிவ்யூல, அதாவது முன்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க எழுதுனதைப் பத்தின பகுதியில, ஆளுக்கு ஒரு பாரான்னு அடுக்க வேணாம், அவங்க எதுல ஒத்துப்போறாங்க எதுல முட்டிக்கிறாங்கன்னு பாத்து எழுதுங்க. இன்ட்ரோ கடைசியா எழுதிக்கலாம்.

எனக்கு அனுப்புறவங்க ஃபீல்டு சாப்டரை மட்டும் முதல்ல அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து படிச்சிடுறேன்.