இறந்த கோழியையும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்

மாடு ஒருவேளை தீவனம் எடுக்காவிட்டால் உடனே கால்நடை மருந்தகத்துக்கு ஓடும் எங்கள் ஊரில், கோழிக்காக மருத்துவரைப் பார்த்தவர் ஒருவரையும் என் சிறுவயதில் நான் கண்டதில்லை. ஒரு கோழிக்காக அரைநாள் கூலியை இழப்பதா என்பதுதான் கணக்கு. ஆனால் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழித் தொற்றுநோய் ஒரு கோழியோடு நிற்பதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், பங்குனி வெயிலில், அம்மா வளர்த்த கோழிகளில் இரண்டு இறக்கையைத் தொங்கவிட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. கடையில் அறிகுறியைச் சொல்லி வாங்கிய ஆன்டிபயாடிக் தூளைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். நான்கே நாளில் பதினேழில் பதினொன்று போயின. அதன் பிறகே, அன்று காலை இறந்த பெட்டை ஒன்றைப் பையில் கட்டி, பனிக்கட்டியோடு மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றேன். மருத்துவர் அதை அறுத்து, இரைப்பையின் உட்புறத்தைக் காட்டினார். ஊசிமுனை அளவில் ரத்தப்புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. "இது வைரஸுங்க, நீங்க கொடுத்த மருந்து இதைத் தொடவே தொடாது. முதல் கோழி செத்தப்பவே கொண்டு வந்திருக்கணும்" என்றார். அந்தப் பெட்டையின் குஞ்சுகளை அம்மா அன்று மடியில் வைத்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கும் மருந்து வீண் செலவு மட்டுமல்ல, முட்டை வழியாகவும் கறி வழியாகவும் நம்மிடமே திரும்பக்கூடியது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்குக்குக் கிருமிகள் பழகிவிடக் கூடாது என்றே, அதைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தர 2019இல் மத்திய அரசு தடை விதித்தது.

நாமக்கல் முட்டைப் பண்ணைகளுக்கு மருத்துவ ஆலோசனை அன்றாட வேலை. 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. புழக்கடையில் பத்துக் கோழி வளர்ப்பவருக்குச் சிக்கல் வேறு. வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தைக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலடியில் ஊசி என்பது எளிய முறைதான். ஆயினும் ஒரு குப்பி பல கோழிகளுக்கானது, கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், தனி ஆளாகப் போய்க் கேட்பதைவிடத் தெருவாகச் சேர்ந்து கேட்பதே பலன் தரும்.

இந்த மாசியில் எங்கள் தெருவில் ஏழு வீட்டார் சேர்ந்து முன்கூட்டியே மருந்தகத்தில் சொல்லி வைத்தோம். கோழிகளைத் திறந்துவிடும் முன்பே, விடியற்காலையில், கால்நடை ஆய்வாளர் வந்து ஊசி போட்டார். கூடைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவர் அம்மா.