ஆயில் சூடானால் தூக்காத லிஃப்ட்

பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) காலையில் சிரமமின்றித் தூக்கும் எங்கள் டிராக்டர், பத்து மணிக்கு மேல் வரப்போரம் திரும்பும்போது அதை அரையடி உயர்த்தவே திணறத் தொடங்கியது. பார்த்த மெக்கானிக், லிஃப்டுக்கு ஆயிலைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்பு போய்விட்டது, புதிது போடுங்கள் என்றார். அளந்து பாராமல் அவ்வளவு செலவு செய்ய மனம் வராததால், பிரஷர் கேஜும் ஃப்ளோ மீட்டரும் வைத்திருந்த வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன்.

அங்கிருந்த பெரியவர் எடுத்தவுடன் எதையும் அளக்கவில்லை. ஆயில் 65 டிகிரி செல்சியசை எட்டும்வரை வண்டியை ஓட்டினார். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் சிறு கசிவுகளை மறைத்துவிடும் என்றும், மத்தியப் பிரதேசத்தின் பூத்னியிலுள்ள அரசுப் பண்ணை இயந்திரச் சோதனை நிலையத்தில் டிராக்டர்களின் தூக்குதிறனைச் சோதிப்பதும் ஏறத்தாழ இதே வெப்பத்தில்தான் என்றும் சொன்னார்.

முதலில் பம்பு. ஒரு சுற்றுக்கு 14 கன சென்டிமீட்டர் தள்ளும் பம்பு, நிமிடத்துக்கு 2000 சுற்றில் 28 லிட்டர் தர வேண்டும். ஆயில் போகும் வழியைக் குறுக்கும் லோடு வால்வைச் சிறிது சிறிதாக மூடி அழுத்தத்தை 150 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) ஏற்றியபோதும் மீட்டர் 25 லிட்டர் காட்டியது. பம்பு தருவது பாய்வை மட்டுமே. அழுத்தம் என்பது அந்தப் பாய்வை மறிக்கும் தடையால் எழுவது. தேய்ந்த பம்பாக இருந்திருந்தால், அழுத்தம் ஏற ஏறப் பாய்வு பெருமளவு சரிந்திருக்கும்.

அடுத்த சோதனைதான் முடிச்சை அவிழ்த்தது. டிரெய்லருக்கு ஆயில் எடுக்கும் வெளிவாயில் கேஜை மாட்டி, லிஃப்ட் சிலிண்டருக்குப் போகும் வழியை அடைத்தபோது 188 பார் வந்தது. அழுத்தம் மிஞ்சினால் திறந்து ஆயிலை வெளியேற்றும் ரிலீஃப் வால்வுக்குக் கையேட்டில் குறித்திருப்பது 190. லிஃப்ட் கைகள் எழாதபடி சங்கிலியால் பிணைத்து, சிலிண்டருக்கு வழிவிட்டதும் முள் 115-ஐத் தாண்டவில்லை. ஆக, பம்பும் ரிலீஃப் வால்வும் குற்றமற்றவை. ஆயில் சிலிண்டருக்குள்தான் நழுவிக்கொண்டிருந்தது. (ஹோஸ் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று நான் கையால் தடவப் போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஓர் அட்டைத் துண்டைக் கொடுத்தார். அந்த அழுத்தத்தில் ஊசித் துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும்.)

சீட்டுக்கு அடியிலுள்ள மூடியைக் கழற்றியபோது பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஓரமெல்லாம் கொறித்ததுபோல் இருந்தது. முன்பு வேறெங்கோ பிரித்து மாட்டியவர்கள், ஓ-ரிங்குக்குத் தாங்கலாக, அழுத்தம் வராத பக்கம் இருக்க வேண்டிய பேக்கப் வளையத்தை ஆயில் வரும் பக்கமாகப் போட்டிருந்தார்கள். தாங்கல் இல்லாத ஓ-ரிங், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள சந்தில் பிதுங்கிச் சிதைந்துவிட்டது.

இரண்டு வளையங்களையும் மாற்றிய பிறகு சூடான ஆயிலில் மீண்டும் அளந்தோம். சிலிண்டருடன் சேர்த்தே 187 பார் வந்தது. பிறகு ரோட்டவேட்டரைத் தூக்கி, என்ஜினை அணைத்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டோம். முன்பு பத்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்கியது, அரை மணி நேரம் கழித்தும் விரற்கடை அளவுகூட இறங்கவில்லை.