சேர்க்கைக் குழு நாட்குறிப்பு

நவம்பர் 4

முதல் வகுப்புச் சேர்க்கைக் குழு இன்று கூடியது. ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் என்னை வெளி உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். ‘சம வாய்ப்புக் கொள்கை’ என்ற தாளை ஆளுக்கொரு படியாகக் கொடுத்தார்கள். இனம், மதம், மொழி, பாலினம், உடற்குறை, பொருளாதார நிலை ஆகிய எதன் பேரிலும் எந்தக் குழந்தைக்கும் பாகுபாடு காட்டப்படமாட்டாது என்று அதில் எழுதியிருந்தது. கல்வியில் பாகுபாட்டுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1960-லேயே ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. வாசித்து முடித்ததும் அனைவரும் தலையசைத்தோம். இப்படியொரு வாசகத்துக்கு யார்தான் மறுப்புச் சொல்வார்கள்?

அடுத்த தாளில்தான் விவகாரம் இருக்கிறது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் யாருக்கு முதலில், யாருக்கு அடுத்ததாக இடம் கொடுப்பது என்ற முன்னுரிமை வரிசை அது. பள்ளி எதை நம்புகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதல் தாளை விட்டுவிட்டு இந்த வரிசையையும் விண்ணப்பப் படிவத்தையும் படித்தால் போதும் என்றேன். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே, “அப்படியானால் படிவத்தை நீங்களே திருத்திக் கொடுங்கள் டீச்சர்” என்று அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நவம்பர் 7

படிவத்தைப் படித்தேன். பெற்றோரின் கல்வித் தகுதி, தொழில், ஆண்டு வருமானம், வீட்டில் பேசும் மொழி ஆகியவை முதல் பக்கத்திலேயே கேட்கப்பட்டிருந்தன. குழந்தையின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கியவர்கள் தந்தையின் தொழிலுக்கு மூன்று வரி ஒதுக்கியிருக்கிறார்கள். பெற்றோர் படித்தவர்களாக இருந்தால் வீட்டுப்பாடத்துக்கு உதவுவார்கள், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று குழுவில் ஒருவர் கேட்டார். தெரிந்துகொள்ளலாம், இடம் கொடுத்த பிறகு தெரிந்துகொள்ளலாம் என்று பதில் சொன்னேன். தேர்வு செய்பவரின் கண்ணுக்கு முன்னால் வருமானம் எழுதப்பட்டிருக்கும்போது, அதைப் பார்த்தும் பாராததுபோல் நடந்துகொள்ள முடியும் என்று நாமே நம்மைப் பற்றி நினைத்துக்கொள்வது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை.

இங்கிலாந்தின் பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பு, பெற்றோரின் தொழிலையும் நிதி நிலையையும் திருமண நிலையையும் சேர்க்கைக்காகக் கேட்கக்கூடாது என்றே தடுத்திருக்கிறது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவில் இன்னும் கடுமை காட்டுகிறது: குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த நடைமுறையும் கூடாது, மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். ‘சும்மா ஒரு அறிமுக உரையாடல்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு நேர்காணல்கள் தொடர்வது வேறு கதை. நான்கு கேள்விகளையும் அடித்துவிட்டேன்.

நவம்பர் 18

இன்று முழுவதும் தூரத்தைப் பற்றிய விவாதம். வீடு அருகில் இருக்கும் குழந்தைக்கு முன்னுரிமை என்பது கேட்பதற்கு நடுநிலையான விதி. சின்னக் குழந்தை நடந்து வரலாம், அக்கம்பக்கத்துத் தோழர்கள் ஒரே வகுப்பில் இருக்கலாம், இவையெல்லாம் உண்மை. ஆனால் அருகில் வீடு கிடைப்பது யாருக்கு என்ற கேள்வியை இந்த விதி எழுப்புவதே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கங்களிலும் உள்ள வீடுகளின் விலையை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை. தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடுதலாக உள்ள தொடக்கப் பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிக விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இலவசப் பள்ளியின் கட்டணம் இப்படி வீட்டு விலைக்குள் ஒளிந்துகொள்கிறது.

பிறகு, தூரத்தை எப்படி அளப்பது? வரைபடத்தில் நேர்கோடாகவா, நடக்கும் பாதையாகவா? நேர்கோட்டில் மிக அருகில் இருக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே கடக்க முடியாத ரயில் பாதை இருந்தால் அந்தக் குழந்தை பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். எந்த வாசலிலிருந்து அளப்பது என்பதைக்கூட எழுதி வைக்காவிட்டால், கடைசி இடத்துக்கு வரும்போது அளப்பவரின் மனம்தான் விதியாகிவிடும். நடக்கும் பாதை, முதன்மை வாசல் என்று முடிவு செய்து எழுதினோம். விண்ணப்ப மாதத்துக்கு மட்டும் அருகில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து முகவரி காட்டுபவர்களை என்ன செய்வது என்பது தீராமலே நிற்கிறது.

நவம்பர் 25

சம தூரத்தில் இருப்பவர்களுக்குள் குலுக்கல் என்று நான் முன்வைத்ததை இருவர் கடுமையாக எதிர்த்தார்கள். குழந்தையின் எதிர்காலத்தைச் சீட்டுப் போட்டா முடிவு செய்வது என்று கேட்டார்கள். அதற்கு மாற்றாக அவர்கள் சொன்னது, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை. விடியற்காலையில் வரிசையில் நிற்க யாரால் முடியும்? வேலைக்குப் போகாமல் இருக்கக் கூடியவராலும், தனக்காக ஆள் நிறுத்தக் கூடியவராலும் முடியும். இரவுப் பணியிலிருந்து திரும்பாத தாய்க்கு அந்த வரிசையில் இடம் இல்லை. குலுக்கலில் அவருடைய குழந்தைக்கும் மற்ற குழந்தைக்கும் ஒரே வாய்ப்பு. அது அழகாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் யாருக்கும் கடன்படாதது. சிலி நாடு 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, அரசு நிதி பெறும் பள்ளிகள் மாணவர்களைப் பொறுக்கி எடுப்பதை நிறுத்தி, உடன்பிறந்தோர் போன்ற முன்னுரிமைகளுக்குப் பிறகு மீதி இடங்களைக் குலுக்கலுக்கே விட்டிருக்கிறது.

பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் நகரங்களில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். பாஸ்டன் நகரில் முன்பிருந்த முறைப்படி, ஒவ்வொரு பள்ளியும் தன்னை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடங்களைக் கொடுத்துவிடும். ஆகையால் மிகவும் விரும்பப்படும் பள்ளியை முதலில் எழுதித் தோற்ற குடும்பத்துக்கு, இரண்டாவதாக எழுதிய பள்ளியும் அதற்குள் நிரம்பிப் போயிருக்கும். இதை அறிந்த பெற்றோர் கூடிப் பேசி, எந்தப் பள்ளியை முதலில் எழுதினால் இடம் உறுதி என்று கணக்குப் போட்டு எழுதினார்கள். அறியாதவர்கள் மனத்தில் இருந்ததை நேர்மையாக எழுதி, அந்த நேர்மைக்காகவே இழந்தார்கள். கேல், ஷாப்லி என்ற இருவர் 1962-இல் எழுதிய பொருத்தும் முறையை அடிப்படையாகக் கொண்டு 2005-இல் அந்த நகரம் விதியை மாற்றியது. புதிய முறையில் முதல் சுற்றில் கிடைக்கும் இடம் தற்காலிகமானதுதான். மேல் முன்னுரிமை உள்ள குழந்தை பிறகு வந்து கேட்டால் அந்த இடம் அதற்குப் போகும், இழந்த குழந்தை தன் அடுத்த விருப்பத்தை எந்தப் பின்னடைவும் இன்றிக் கேட்கலாம். உண்மையான விருப்பத்தை எழுதுவதால் யாருக்கும் நட்டம் இல்லை. சூழ்ச்சி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே இருந்த இடைவெளியை எந்த அறிவுரையும் இல்லாமல் ஒரு கணக்கீட்டு முறை மூடியது.

குலுக்கல், ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஏற்கப்பட்டது.

டிசம்பர் 11

அலுவலக அறையில் எழுத்தருக்கு உதவியாக உட்கார்ந்திருந்தேன். பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். கணினியில் தந்தை பெயர் என்ற கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. வெறுமனே விட்டால் சிவப்பு எழுத்து வருகிறது, சிறு கோடு போட்டாலும் ஏற்கவில்லை. “அவன் எங்கே இருக்கான்னே தெரியாது தம்பி, எழுதி என்ன ஆகப்போகுது?” என்றார் பாட்டி, குரலைத் தாழ்த்தி, சிறுமிக்குக் கேட்காதபடி. எழுத்தர் சற்று யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் பாட்டியின் பெயரையே தட்டினார். படிவம் அடுத்த பக்கத்துக்குப் போனது.

எந்தப் பாகுபாட்டு நோக்கமும் இல்லாமல்தான் அந்தக் கட்டாயக் குறியை யாரோ வைத்திருப்பார்கள். பெற்றோருடன் இல்லாமல் அரசுக் காப்பில் வளரும் குழந்தைகளுக்கு இங்கிலாந்தில் சேர்க்கை வரிசையிலேயே முதல் இடம். இங்கே படிவத்தைத் தாண்டுவதற்கே ஒரு எழுத்தரின் நல்ல மனம் தேவைப்படுகிறது. ‘பொறுப்பாளர் பெயர்’ என்று மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 13

மாற்றிவிட்டார்கள். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற வரியையும் சேர்த்தாயிற்று.

ஜனவரி 20

சக்கர நாற்காலியில் வரும் மகனுக்காக ஒரு தந்தை விசாரித்தார். எங்கள் சார்பில் பேசியவர் மிகுந்த கனிவுடன், “உங்கள் பையனுக்கு ஏற்ற வசதி உள்ள பள்ளியாகப் பார்ப்பதுதான் அவனுக்கு நல்லது சார்” என்றார். தந்தை மறுத்துப் பேசவில்லை. கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நானே நாடாவை எடுத்துப் போய் அளந்தேன்: 68 செ.மீ. அவருடைய மகனின் நாற்காலி 60. கதவு போதும், உள்ளே திரும்புவதற்குத்தான் இடம் இல்லை, அதுவும் நடுவில் உள்ள ஒரு தடுப்பை எடுத்தால் கிடைத்துவிடும்.

எல்லாக் குழந்தைகளையும் பொதுப் பள்ளியே ஏற்கவேண்டும் என்று 1994-இல் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி அறிவித்தார்கள். நாம் இன்னும் கனிவான குரலில் வேறு வாசலைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். மறுப்பு என்று எங்கும் பதிவாகாத மறுப்பு இதுதான்: விண்ணப்பமே வராததால் கணக்கில் நிராகரிப்பும் இல்லை. விசாரணைக்கு வந்து விண்ணப்பிக்காமல் போனவர்களையும் குறித்துவைக்க ஒரு பதிவேடு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். தந்தையிடம் படிவத்தைக் கொடுத்தோம்.

மார்ச் 3

பட்டியல் ஒட்டப்பட்டது. அந்தப் பையனுக்கும் பாட்டியின் பேத்திக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளியில் பணிபுரியும் ஒருவரின் உறவுக்காரக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை, அதனால் மூன்று நாட்களாக அலுவலகத்தில் அனல் பறக்கிறது. இடம் கிடைக்காதவர்களுக்கு அனுப்பும் கடிதத்தில் ‘வருந்துகிறோம்’ என்பதோடு நிறுத்திவிடாமல், குழந்தை எந்த விதியின்கீழ் எந்த நிலையில் நின்றது, யாரிடம், எந்தத் தேதிக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் எழுதினோம். காத்திருப்போர் பட்டியலை விண்ணப்பித்த தேதிப்படி வைக்கவேண்டாம், புதிதாக ஒரு குழந்தை சேரும்போதெல்லாம் அதே முன்னுரிமை விதிப்படி மீண்டும் வரிசைப்படுத்தவேண்டும் என்பதும் ஏற்கப்பட்டது. வேறு ஊரிலிருந்து தாமதமாகக் குடிவந்த குடும்பம் கடைசியில் நின்றே தீரவேண்டும் என்பதில் என்ன நியாயம்?

மார்ச் 19

மேல்முறையீடுகள் முடிந்தன. இன்று வகுப்புப் பிரிவுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. கட்டணச் சலுகையில் சேர்ந்த குழந்தைகளை ஒரே பிரிவில் வைத்தால் ‘கூடுதல் கவனம்’ செலுத்த வசதியாக இருக்கும் என்று ஒரு யோசனை. சேர்க்கையில் போட்ட உழைப்பு முழுவதையும் ஒரே நாளில் கரைத்துவிடக்கூடிய யோசனை இது. இந்தியச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடங்களிலும்கூட, அந்தக் குழந்தைகளைத் தனி வகுப்பிலோ தனி நேரத்திலோ உட்கார வைக்கக்கூடாது என்பது அரசு விதி. எல்லாப் பெயர்களையும் கலந்து பிரிக்கவேண்டும், கட்டண விவரம் வகுப்பாசிரியரிடம் போகக்கூடாது என்று எழுதிக்கொடுத்தேன். தலைமையாசிரியர் கையொப்பமிட்டார், உணவு நேரத்தில் தனி வரிசை இருப்பதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். அது ஏப்ரல் 7, காலை பத்து மணி.