ஸ்ப்ளெண்டர் கால்

7 செப்டம்பர் 2025, ஞாயிறு

என் ஸ்ப்ளெண்டர் 2009-இல் வாங்கியது. டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்றுதான் இருக்கும். நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் விற்பது என் வேலை. பண்ணை பண்ணையாகச் சுற்றி ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. குறை சொல்ல மனம் வராத வண்டி.

ஆனால் போன மாதம் வல்வில் ஓரி விழாவுக்காக மனைவியைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை போனேன். காரவள்ளியைத் தாண்டியதும் ஏற்றம், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவுக்கு மேல் இரண்டாம் கியரில் வண்டி இழுக்கவில்லை. முதல் கியருக்கு இறக்கினால் இஞ்சின் கத்துகிறதே தவிர, வேகம் ஆள் நடக்கும் வேகம்தான். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஒதுங்க இடமில்லை. "நான் வேணா இறங்கி நடந்து வரட்டுங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கே பெரிய வண்டி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

விலைதான் தடுத்துக்கொண்டிருந்தது. இந்த வாரம் அதுவும் வழிவிட்டது. 3-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 28 சதவீத வரியை 18 ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் போனால் 40. நான் பார்த்து வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் இஞ்சின் 349 சிசி. 22-ஆம் தேதி வரை பொறுத்தால் போதும்.

14 செப்டம்பர், ஞாயிறு

டெஸ்ட் ரைடு போனேன். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போதே தெரிந்துவிட்டது, இது வேறு ஜாதி வண்டி. எடை 195 கிலோ. என் ஸ்ப்ளெண்டர் நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நான் 58 கிலோ, ஐந்தடி ஐந்தங்குலம். சீட் உயரம் 805 மில்லிமீட்டர். இரண்டு காலும் தரையைத் தொட்டன, ஆனால் முன்பாதம் மட்டும்தான்.

குதிரைத்திறன் இருபதை ஒட்டி வருகிறது. அதைவிட எனக்கு முக்கியம் இழுவை. 27 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள், ஸ்ப்ளெண்டரில் எட்டுதான். மூன்று மடங்குக்கு மேல். அதுவும் 4000 ஆர்பிஎம்மிலேயே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஸ்ப்ளெண்டரில் இழுவை வேண்டுமானால் இஞ்சினைக் கத்தவிட வேண்டும். இதில் மெதுவாக உருட்டினாலே போதும்.

சிக்கல் கியரில் வந்தது. ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் முன்பக்கம். விரல் பக்கம் மிதித்தால் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். கிளாசிக்கில் முதல் கியர் மட்டும்தான் முன்னால் மிதிப்பது. மற்ற நான்கும் குதிகாலால் மிதித்து ஏற்ற வேண்டும், முன்னால் மிதித்தால் இறங்கும். அப்படியே தலைகீழ். பதினாறு வருடப் பழக்கத்தில் கால் தானாக முன்னால் மிதித்தது. மூன்றாம் கியருக்குப் போக வேண்டிய வண்டி இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி குலுங்கி நின்றது. கூட வந்த ஷோரூம் பையன், "ஸ்ப்ளெண்டர் ஓட்டுறவங்க எல்லாருக்கும் இது வரும் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான்.

22 செப்டம்பர், திங்கள்

புக் செய்தாயிற்று. வரிக் குறைப்பில் 22,000 ரூபாய் வரை குறைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வாகனத்துக்குச் சாலை வரி 12 சதவீதம், அதைத் தவிர்க்க வழியில்லை. ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 7,365 ரூபாய். இதிலும் 350 சிசி என்பது ஒரு கோடு. அதைத் தாண்டினால் பிரீமியம் இரண்டு மடங்குக்கு மேல்.

1 அக்டோபர், புதன், ஆயுத பூஜை

வண்டி வந்துவிட்டது. கறுப்பு. ஸ்ப்ளெண்டரையும் கழுவி, இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினோம். ஆஞ்சநேயர் கோயில் வரை மெதுவாகப் போய்வந்தேன்.

என் ஸ்ப்ளெண்டரை இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அறுபது வயதைத் தாண்டியவர், பழைய புல்லட்டில் கைதேர்ந்தவர். கியர் விஷயத்தைச் சொன்னதும், "கண்ணு, அந்தக் காலத்துப் புல்லட்டுக்குக் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். நாங்க அதையும் இதையும் மாத்தி மாத்தி ஓட்டினோம். ஆனா ஒண்ணு, முதல் ஒரு மாசம் ரெண்டு வண்டியத் தொடாத. ஒண்ணையே ஓட்டு" என்றார். தலையாட்டினேன். நான் வேறு திட்டம் வைத்திருந்தேன். வாரநாளில் பண்ணைகளுக்கு ஸ்ப்ளெண்டர், ஞாயிற்றுக்கிழமை கிளாசிக். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது தினமும் இதை எடுக்க மனசு வரவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

இன்று வண்டியைக் கீழே போட்டேன்.

வேகத்தில் இல்லை. எங்கள் தெருவிலேயே, வண்டியைத் திருப்பும்போது. ஹேண்டில் பாரை முழுக்க வலது பக்கம் ஒடித்து, நடக்கிற வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை குறுக்கே சைக்கிளில் வந்தது. கை முன்பிரேக்கை அழுத்திவிட்டது. அவ்வளவுதான், வண்டி வலது பக்கம் சாய ஆரம்பித்தது. ஸ்ப்ளெண்டராக இருந்தால் காலை ஊன்றித் தாங்கியிருப்பேன். எத்தனையோ தடவை தாங்கியிருக்கிறேன். இதில் கால் தரையைத் தொட்ட நேரத்தில் எடை முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது. மெதுவாகத்தான் விழுந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. லெக் கார்டு இருந்ததால் என் காலும் டேங்கும் தப்பின. பிரேக் லீவர் நுனி தேய்ந்திருக்கிறது, ஒரு இண்டிகேட்டர் போயிற்று. குழந்தைக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஓடிவந்து பிடித்த பிறகுதான் தூக்க முடிந்தது.

மனைவி எதுவும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். எனக்குத்தான் கை நடுக்கம் அரை மணி நேரம் நிற்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. நம் ஊரில் கியர் வண்டி லைசன்ஸ் ஒன்றுதான். நூறு சிசியில் எட்டுப் போட்டு வாங்கிய லைசன்ஸை வைத்துக்கொண்டு நாளைக்கே எவ்வளவு பெரிய வண்டியும் ஓட்டலாம். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் சொல்வான், அங்கே முதலில் 200 சிசி வரைதான் அனுமதி. ஒரு வருடமாவது அதை ஓட்டிய பிறகுதான் 400 சிசிக்கான வகுப்பில் சேரலாம், அதைத் தாண்ட இன்னொரு வகுப்பு, இன்னொரு டெஸ்ட். இங்கே அப்படி யாரும் சொல்லித்தருவதில்லை. சரி, நாமே கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

6 அக்டோபர், திங்கள்

விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கும் முறையை மெக்கானிக் அண்ணன் காட்டிக்கொடுத்தார். வலது பக்கம் விழுந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும், தூக்கிய பிறகு அந்தப் பக்கம் போய் விழாமல் இருக்க. கியரில் போட வேண்டும், உருளாமல் இருக்க. அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கை ஹேண்டில் பாரிலும் இன்னொரு கை பின்பக்கக் கம்பியிலும் வைத்து, கைபலம் காட்டாமல் காலால் பின்னோக்கி அடி அடியாகத் தள்ள வேண்டும். பழைய சாக்குகளை விரித்து அவருடைய பழைய புல்லட்டையே படுக்கவைத்துக் காட்டினார். மூன்றாவது முயற்சியில் என்னாலும் முடிந்தது.

12 அக்டோபர், ஞாயிறு

காலை ஆறு மணிக்கே ஒரு காலி மைதானத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் இரண்டே பயிற்சி.

முதலாவது, மெதுவாகத் திரும்புவது. முன்பிரேக்கை விரலால்கூடத் தொடக்கூடாது. அரை கிளட்சில் இழுவையை வைத்துக்கொண்டு, பின்பிரேக்கை லேசாக மிதித்தபடி, பார்வையைத் திரும்ப வேண்டிய பக்கம் வைக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு முன்னால் தரையைப் பார்த்தால் வண்டி அங்கேயே போய் நிற்கிறது. தலையைத் திருப்பித் தூரத்தைப் பார்த்தால் ஏனோ தெரியவில்லை, 195 கிலோவும் சொன்னபடி வட்டம் போடுகிறது.

இரண்டாவது, நேராகப் போகும்போது பிரேக் பிடிப்பது. ஸ்ப்ளெண்டரில் எனக்கு எல்லாமே பின்பிரேக்தான். இரண்டும் டிரம். முன்பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. கிளாசிக்கில் முன்னால் 300 மில்லிமீட்டர் டிஸ்க். பிரேக் பிடித்ததும் எடை எல்லாம் முன்சக்கரத்துக்கு வந்துவிடுவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. நாற்பது வேகத்தில் முதலில் பின்பிரேக் மட்டும் பிடித்துப் பார்த்தேன், எங்கோ போய் நின்றது. இரண்டையும் பிடித்தபோது பாதித் தூரத்துக்குள் நின்றது. அழுத்திப் பிடித்தால் லீவர் விரலுக்குள் துடிக்கிறது. அது, சக்கரம் இறுகிச் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேலை செய்வது. முதல் தடவை பயந்து கையை எடுத்துவிட்டேன். எடுக்கக்கூடாது, பிடித்த பிடியிலேயே இருக்க வேண்டும்.

ஆக, பிரேக் ஒன்றுதான், இடம்தான் வேறு. திரும்பும்போது முன்பிரேக் கீழே தள்ளிவிடுகிறது, நேராகப் போகும்போது அதுதான் காப்பாற்றுகிறது.

17 அக்டோபர், வெள்ளி

அண்ணன் சொன்னதை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

திங்கள் முதல் ஸ்ப்ளெண்டர். இன்று மாலை மட்டும் கிளாசிக்கை எடுத்துக்கொண்டு மோகனூர் போனேன். மழை தூறியிருந்தது. மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தவன் முன்னால் போன லாரியை முந்த நினைத்து, நான்குக்கு ஏற்றுவதாக நினைத்து, முன்னால் மிதித்துவிட்டேன். ஐந்து நாள் ஸ்ப்ளெண்டர் ஓட்டிய கால். கியர் இரண்டுக்கு இறங்கி, கிளட்சை விட்டதும் பின்சக்கரம் ஈரத்தில் ஒரு நொடி வாலை ஆட்டியது. ஏபிஎஸ் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் சக்கரத்தைப் பிடித்தது பிரேக் இல்லை, இஞ்சின். உடனே கிளட்சைப் பிடித்ததால் நேரானேன். எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு நாளில் சரியாகும் என்றான் ஷோரூம் பையன். ஒரே வண்டியை ஓட்டுகிறவனுக்கு ஆகலாம். நான் ஒரு வாரம் ஒன்றைக் கற்றுக்கொடுத்து, ஒரு நாள் அதையே மறக்கச் சொல்கிறேன். கால் என்ன செய்யும்? கியர் மாற்றும்போது மூளையைக் கேட்டுக்கொண்டா கால் மாற்றுகிறது?

வீட்டுக்கு வந்து ஸ்ப்ளெண்டர் சாவியை மனைவியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்றேன்.

25 அக்டோபர், சனி

500 கிலோமீட்டர் முதல் சர்வீஸ் முடிந்தது. பண்ணைகளுக்கும் கிளாசிக்கில்தான் போகிறேன். லிட்டருக்கு 34 கொடுக்கிறது. ஸ்ப்ளெண்டர் அறுபதுக்குக் குறையாது. மாதச் செலவு ஏறும்தான், ஆனால் அந்த மோகனூர் ரோட்டை நினைத்தால் அது ஒன்றும் பெரிதில்லை. பண்ணைக்காரர்கள், "என்னங்க, தீவன விலைய ஏத்திட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.

9 நவம்பர், ஞாயிறு

கால் இந்த வாரம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. இதை எழுதவே பயமாக இருக்கிறது.

23 நவம்பர், ஞாயிறு

கொல்லிமலை, மனைவியோடு.

ஐந்தரைக்குக் கிளம்பி சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி சேர்ந்தபோது பனி இருந்தது. முதல் வளைவுக்கு முன்னால் நிறுத்தித் தேநீர் குடித்தோம். வளைவுக்கு வளைவு எண் பலகை இருக்கிறது, அவள் பின்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஏறுவதில் கஷ்டமே இல்லை. பெரும்பாலும் இரண்டாம் கியர், நேரான இடத்தில் மூன்று. ஆகஸ்டில் இஞ்சின் கதறிய அதே இடங்களில் இது தட் தட் என்று தன்பாட்டுக்கு ஏறியது. இழுவையைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்கவே வேண்டியதில்லை. கவனம் கேட்டது வேறொன்று.

முப்பதைத் தாண்டிய ஒரு இடது வளைவில், மேலிருந்து பஸ் இறங்கியது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது மலைப்பாதை முறை. ஆனால் அந்த நீளப் பஸ் திரும்ப முழு வளைவும் வேண்டும். நாம்தான் நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. இடது வளைவில் நம் பக்கம் உள்பக்கம், சரிவு அங்கேதான் செங்குத்து, இடது காலுக்குக் கீழே தரை இறங்கிப்போகும். முன்பாதம் மட்டும் எட்டுகிற எனக்கு அங்கே தரையே கிடைக்காது. இரண்டு பேர் எடையோடு அந்தப் பக்கம் சாய்ந்தால் அன்று தெருவில் நடந்ததுதான் நடக்கும். அதனால் வளைவுக்குப் பத்தடி முன்பே, நேரான இடத்தில் நிறுத்தினேன். வலது கால் பின்பிரேக்கில், இடது கால் தரையில். பஸ் போனதும் அரை கிளட்சில் இழுவையைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை விட்டேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் மேலே நிமிர்ந்து பார்த்து, ஏதாவது இறங்குகிறதா என்று தெரிந்துகொண்டே திரும்பினேன்.

சோளக்காட்டில் வாழைப்பழமும் மிளகும் வாங்கினோம். அறப்பளீஸ்வரர் கோயிலில் தரிசனம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே இஞ்சின் பிடிப்பில் இறக்கினேன், பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். குதிகாலும் விரலும் 140 வளைவிலும் தவறவில்லை. காரவள்ளிக்கு வந்ததும் அவள், "நடக்கறதுக்குச் செருப்பு மாத்திட்டு வந்திருந்தேன், வீணாப் போச்சுங்க" என்றாள்.

7 டிசம்பர், ஞாயிறு

பரமத்தி வேலூரிலிருந்து மச்சான் வந்தான். வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய்வர அவனுக்கு வண்டி வேண்டும். ஸ்ப்ளெண்டரை அவனுக்கே கொடுப்பதென்று முடிவு. ஆர்சி புத்தகம், சாவி, டூல் பாக்ஸில் கிடந்த பழைய ஸ்பார்க் பிளக் எல்லாம் எடுத்து வைத்தேன்.

டேங்க் நிரப்பிக் கொடுப்போம் என்று அவனைப் பின்னால் உட்காரவைத்து பங்க் வரை நானே ஓட்டினேன். ஏழு வாரமாகத் தொடாத வண்டி. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது, அதில் எந்த மாற்றமும் இல்லை. முதல் கியரில் நகர்த்தி, இரண்டாவதுக்காகக் குதிகாலால் மிதித்தேன். நியூட்ரலில் விழுந்து இஞ்சின் அலறியது. மறுபடி முதல் கியர், மறுபடி குதிகால், மறுபடி அலறல்.

"என்ன மாமா, கியர் விழலையா?"

"வண்டில ஒண்ணும் இல்ல மாப்ள."

பங்கில் பெட்ரோல் போட்டு முடித்ததும் இறங்கி, சாவியை அவன் கையில் கொடுத்தேன். வீடு வரை அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.