கேமிங் பிசி பார்ட்ஸ் எடுத்த அனுபவம் – தென்காசி பக்கத்துச் செங்கோட்டையில இருந்து

மானிட்டர் போக பட்ஜெட் 60,000 ரூபாய். எல்லாரும் கிராபிக்ஸ் கார்டுல இருந்து ஆரம்பிக்கச் சொல்வாங்க, நான் சுவத்துல இருக்குற பிளக்குல இருந்து ஆரம்பிச்சேன். எங்க பக்கம் ஆனி ஆடியில சாரல் காத்து அடிச்சா கரண்ட் போய்ப் போய் வரும், ஐப்பசியில சாயங்காலமானா ஆரியங்காவு மலை மேல இருந்து இடி மின்னலோட மழை இறங்கும், இதுல இவ்வளவு காசு போட்டு வாங்குற பொருளை அப்படியே சொருக மனசு வரல.

புனலூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குற சித்தி பையன் வந்து மல்டிமீட்டர் வச்சுப் பாத்தான். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட் காட்டுது, பேஸுக்கும் எர்த்துக்கும் வச்சா நூத்திச்சொச்சத்துல நின்னு ஆடுது. "அண்ணே, இதுல எர்த்தே இல்ல, எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை) பில்டர்ல இருந்து வர்ற லீக்கேஜ் போக வழியில்லாம கேபினெட் பாடியில நிக்கும், தொட்டா சுர்ருங்கும்"னான். எலக்ட்ரீசியன் அண்ணாச்சிய வரச்சொல்லி கொல்லையில குழி தோண்டி ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு தண்ணி ஊத்தி மூடினோம். மறுபடி மீட்டர் வச்சா ரெண்டும் ஒண்ணா நின்னுச்சு, அப்புறம்தான் பார்ட்ஸ் லிஸ்ட்ல கை வச்சேன்.

பிராசஸர் ரைசன் 5 5600. கடையில 5600ஜி எடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்னாங்க. ஒண்ணு இல்லீங்க. ஜி மாடல்ல உள்ளயே கிராபிக்ஸ் உண்டு, ஆனா கேஷ் (பிராசஸருக்குள்ள இருக்குற வேகமான மெமரி) பாதி, கிராபிக்ஸ் கார்டோட பேசுற பிசிஐஇ வழியும் 3.0 வரைக்கும்தான். நான் எடுக்கப்போற கிராபிக்ஸ் கார்டு ஆர்எக்ஸ் 6600, அது பிசிஐஇயில 8 லேன்லதான் ஓடும், அதுக்கு 4.0 இருக்குறது நல்லது, அதனாலயே மதர்போர்டும் பி550. ஏஎம்5ங்கிற புது சாக்கெட் பக்கம் போனா டிடிஆர்5 ரேம், அதுக்கேத்த போர்டுன்னு பட்ஜெட் எகிறும், 1080பி விளையாட இது தாராளம்.

ரேம் 16 ஜிபி ஒத்தக்குச்சியா வாங்காதீங்க, 8+8 எடுத்து போர்டு மேனுவல்ல சொல்ற ஜோடி ஸ்லாட்ல, பெரும்பாலும் ரெண்டாவது நாலாவதுல, போட்டாத்தான் டூயல் சேனல் (ரெண்டு குச்சியும் ஒரே நேரத்துல ஓடுறது) கிடைக்கும், பயாஸ்ல எக்ஸ்எம்பிங்கிற ரேம் ஸ்பீடு செட்டிங்கை ஆன் பண்ணாட்டி 3200 ரேம் கம்மி ஸ்பீடுலயே ஓடிட்டு இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்லதான் நான் கஞ்சத்தனமே பண்ணல. பிராசஸர் 65 வாட், கார்டு 132 வாட், எல்லாம் சேத்தாலும் 300 தாண்டாது, ஆனாலும் 550 வாட் நல்ல யூனிட்டா எடுத்தேன். 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) ஸ்டிக்கர் கரண்டை எவ்வளவு வேஸ்ட் பண்ணாம ஓடும்னு மட்டும்தான் சொல்லும், உள்ள பாதுகாப்பு எப்படின்னு சொல்லாது, அத ரிவ்யூ படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். யூபிஎஸ்லயும் விஏவைப் பாக்காதீங்க, வாட்டைப் பாருங்க, சாதாரண 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான், மானிட்டரும் சேந்தா ஓரத்துக்கு வந்துடும். நான் 1000 விஏ போட்டேன்.

வாங்கினது திருவனந்தபுரத்துல. கேரளாவுல விலை கம்மின்னு ஊர்ல பேச்சு உண்டு, ஜிஎஸ்டி ரெண்டு பக்கமும் அதே 18 பர்சென்ட்தான். வாரண்டிக்கு ஒண்ணுன்னா சென்னையைவிட அது எங்களுக்குக் கிட்ட, அவ்வளவுதான். பில்லுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் இருக்கான்னு கவுண்டர்லயே பாத்துட்டு வாங்க.

இன்னொண்ணு, 5600க்குள்ள கிராபிக்ஸ் கிடையாது, எச்டிஎம்ஐ கேபிளை போர்டுல சொருகாம கார்டுல சொருகுங்க. இடி ஆரம்பிச்சா பிளக்கோட சேத்து ரவுட்டர்ல இருந்து வர்ற லேன் கேபிளையும் புடுங்கிடுங்க, மின்னல் அந்த வழியாவும் வரும்.