பிள்ளைகள் பட்டியல்: ஒரு பத்திர எழுத்தரின் நாட்குறிப்பு

ஜனவரி 22, 2014, புதன்

தை பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் மூச்சு விட நேரமிருக்காது. இன்றைக்கு மட்டும் நாலு கிரயம், ஒரு பாகப்பிரிவினை. கோபாலசமுத்திரம் அகதிகள் முகாமிலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும் பெஞ்சிலேயே காத்துக் கிடந்தார்கள். மூன்று மணிக்குத்தான் அவர்களிடம் பேச முடிந்தது. பேர் எழுதப் போவதில்லை. மகளைப் பிள்ளை என்றே எழுதுகிறேன். பதினோரு வயது நடக்கிறது, ஐந்தாம் வகுப்பு.

பிள்ளையின் அப்பா டொராண்டோவில் இருக்கிறார். 2010 ஆகஸ்டில் 492 ஈழத்தமிழரோடு கனடாவின் மேற்குக் கரையில் போய் நின்றதே ‘சன் சீ’ கப்பல், அதில் போனவர். அடைத்து வைத்தார்கள், விசாரித்தார்கள். அகதி என்று ஒப்புக்கொள்ளவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இப்போது அங்கேயே நிரந்தரமாகத் தங்க மனுப் போடலாம், அதே மனுவில் மனைவி மக்களையும் சேர்க்கலாம். அங்குள்ள வக்கீல் ஈமெயிலில் அனுப்பிய தாள்களை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்திருக்கிறார்கள். எல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் வில்லங்கச் சான்றிதழ் வரைக்கும்தான் ஓடும். ஆனாலும் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கதையைக் கேட்டு வாங்கினேன். சொந்த ஊர் கிளிநொச்சி. 2006-இல் சண்டை திரும்ப மூண்டபோது வன்னியை விட்டு வெளியேற விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பாஸ் வேண்டும், வீட்டோடு எல்லோருக்கும் தரமாட்டார்கள். அம்மாவும் மூன்று வயதுப் பிள்ளையும் முதலில் மன்னாருக்கு வந்து பேசாலையில் ராத்திரிப் படகு ஏறியிருக்கிறார்கள். அப்பாவும் பதினாலு வயது மகனும் பின்னால் வருவதாகப் பேச்சு. படகோட்டி இவர்களை மணல்திட்டில் இறக்கி ‘இதுதான் இந்தியா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் ராமேஸ்வரத்து மீனவர்கள் கண்டு கரை சேர்த்தார்கள். மண்டபம் முகாம், அப்புறம் இங்கே. அந்த ஆகஸ்டில் வன்னியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற முகமாலைப் பாதை அடைபட்டது. அப்பாவுக்கும் மகனுக்கும் படகு கிடைக்கவே இல்லை.

கரையில் பதிவு எழுதின யாரோ பிள்ளையின் பேரில் ஓர் எழுத்தை மாற்றி, நம்மூர் வழக்கப்படி முன்னால் இனிஷியலும் போட்டுவிட்டார். கிளிநொச்சிக் கச்சேரியிலிருந்து, அதாவது மாவட்ட அலுவலகத்திலிருந்து, அம்மம்மா எடுத்து அனுப்பிய பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரி இருக்கிறது. இதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை. இருபது ரூபாய் முத்திரைத்தாள், ‘இன்னார் என்கிற இன்னார்’, நோட்டரி கையெழுத்து, தீர்ந்தது.

எங்கள் அப்பா எழுதிய நகல்கள் இன்னும் பரணில் கிடக்கின்றன. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிரிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழரை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று ஆனவர்களுக்கு அப்பா அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இலங்கைக்காரர்களின் காகிதம் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் பட்டியல் என்று ஒரு தாள். கூட வருகிறவர், வராதவர், எந்த வயதானாலும், எங்கே இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளையும் எழுத வேண்டும். இறந்திருந்தால் ஊரும் தேதியும்.

முதல் வரியில் மகன். பிறந்தது 1992. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

2009 பிப்ரவரியில் சுதந்திரபுரத்துப் பக்கம் பதுங்கு குழியில் இருந்தவனை இயக்கத்தார் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அப்பா அவனைப் பார்க்கவில்லை. மே மாதம் முடிவில் அவர் மெனிக் பாம் முகாமில் போய் அடைபட்டார். ஆனால் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி ராணுவத்தின் பக்கம் நடந்து போன கூட்டத்தில் மகனைக் கண்டதாக இரண்டு பேர் அம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் ஆணைக்குழு போன மாதம் கிளிநொச்சியில் உட்கார்ந்தபோது, அந்தக் கிழவி வரிசையில் நின்று மனுக் கொடுத்து, அதன் நகலை இங்கே அனுப்பியிருக்கிறார்.

டொராண்டோவுக்குப் போன் போட்டோம். அவர் ஒரே பிடியாக நின்றார்.

“ஐயா, நான் அங்க நிண்டனான். செத்தவன் எண்டே எழுதுங்கோ. இங்க வந்து இறங்கின உடனையும் அப்பிடித்தான் சொன்னனான். இப்ப மாத்தினா என்னைப் பொய்யன் எண்டுவாங்கள்.”

“நீங்க உடலைப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். தொழில் புத்தி, கேட்டுவிட்டேன்.

“இல்லை.”

அந்த அம்மா போனை வாங்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணாச்சி, அவன் செத்தவன் எண்டு என்ர கையால எழுதித் தரமாட்டன். அதுக்காக அங்க போகாம விட்டாலும் பரவாயில்லை.”

பிள்ளை மட்டும் நம்மூர்ப் பேச்சில் நடுவில் விழுந்தது. “தாத்தா, அண்ணன் இருக்கான்னும் எழுதாண்டாம், இல்லன்னும் எழுதாண்டாம். பேர மட்டும் எழுதிருங்க.” ஐந்தாம் வகுப்புக்கு இது கொஞ்சம் கூடுதல்தான். முகாமில் வளர்கிற பிள்ளைகள் மனு எழுதப் பழகிவிடுகின்றன.

பிப்ரவரி 20, வியாழன்

பத்து நாளாக இதே நினைப்பு. சாட்சி இல்லாத சாவை நான் எந்த வாரிசுப் பத்திரத்திலும் எழுதியதில்லை. நம் சாட்சியச் சட்டம் 108-வது பிரிவு, ஏழு வருஷம் சேதி இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராக எடுத்துக்கொள்கிறது. 2009 மே என்றால் 2016 மே வரைக்கும் பொறுக்க வேண்டும். இலங்கையில் 2010-இல் ஒரு சட்டம் போட்டு அதை ஒரு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். சண்டை முடிந்த கையோடு கணக்கையும் முடிக்கிற அவசரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்று காலையில் அந்தக் கனடா வக்கீலே பேசினார், அவரும் தமிழர். ஒரே பேச்சில் விஷயம் திசை மாறியது. மனுவில் காட்டாத பிள்ளையை, அதிகாரிகள் பரிசோதிக்காத பிள்ளையைப் பிற்காலத்தில் குடும்பம் என்று சொல்லி அங்கே அழைக்க முடியாதாம், விதி 117. இறந்தவன் என்று எழுதிவிட்டு நாளைக்கு அவன் வந்து நின்றால், பொய் சொன்ன குற்றம் அப்பா தலையிலும், வரமுடியாத தண்டனை மகன் தலையிலும் விழும். காணவில்லை என்று எழுதுவதே சரி, ஆனால் 2010-இல் ஏன் இறந்தவன் என்றார் என்பதை அப்பா தன் வாயாலேயே விளக்க வேண்டும் என்றார்.

மத்தியானம் பிள்ளையின் அப்பாவுக்கு நான் போன் செய்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘உடலை நான் காணவில்லை. யாரும் எனக்குக் காட்டவில்லை. அவன் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டால்தான் என்னால் கப்பல் ஏற முடிந்தது.’ கடைசி வரி சட்டத்துக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். அதை வக்கீலுக்கு அனுப்பினேன், அப்பா அங்கே சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவார். அம்மாவின் பிரமாணப் பத்திரத்தை இங்கே தனியாக எழுதி அம்மம்மாவின் மனு நகலோடு சேர்த்துத் தைத்தேன். கட்டத்தில் ‘இருப்பிடம் தெரியவில்லை’ என்று போட்டாயிற்று.

கூலி வாங்கவில்லை. அந்த அம்மா முகாமில் அரசு தரும் ஆயிரத்தையும் பிள்ளைக்கான நானூறையும் வைத்துக்கொண்டு, பெயின்ட் அடிக்கிற வேலைக்கும் போகிறார். சாயங்காலமே ஒரு டஜன் முட்டை கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மார்ச் 12, 2015, வியாழன்

மரபணுப் பரிசோதனை கேட்டு கடிதம் வந்திருக்கிறது. பிறப்புப் பத்திரம் புதிதாக எடுத்த நகல், அதனால் சந்தேகமாம். “நான் ஆரிட்டப் பெத்தனான் எண்டு கேக்கினமோ?” என்று அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் தேய்ப்பார்கள், அவ்வளவுதான் என்று என் மருமகள் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

மே 19, 2016, வியாழன்

தேர்தல் முடிவு. தெருவெல்லாம் வெடி. நேற்றோடு ஏழு வருஷம் முடிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவும் 108-வது பிரிவைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை, அவருக்குத் தெரியாமலிருக்காது.

செப்டம்பர் 15, 2016, வியாழன்

பரிசோதனை எப்போதோ பொருந்திவிட்டது. மெடிக்கல் சென்னையில் முடிந்தது. இரண்டு பாஸ்போர்ட்டையும் அனுப்பச் சொல்லி நேற்று தாக்கல் வந்துவிட்டது. மகனின் வரியை யாரும் அடிக்கவில்லை. வக்கீல் அதைத்தான் முதலில் பார்த்தாராம். இலங்கைப் பாராளுமன்றத்தில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் போன மாதம் நிறைவேறியிருக்கிறது. அம்மம்மா அங்கேயும் மனுக் கொடுக்கக் காத்திருக்கிறார்.

விசா வந்தாலும் உடனே விமானம் ஏற முடியாது. படகில் வந்தவர்களுக்கு இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரை கிடையாது, அதனால் வெளியேற அனுமதி வாங்கவேண்டும். முகாம் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், கியூ பிராஞ்ச் போலீஸ், கலெக்டர் ஆபீஸ், சென்னையில் மறுவாழ்வு ஆணையர் அலுவலகம் என்று கோப்பு நடக்க வேண்டும். அதற்குள் மெடிக்கல் காலாவதியாகிவிடக் கூடாது. அப்பா தினமும் போன் போட்டு அதைத்தான் கேட்கிறார்.

பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. காலாண்டுப் பரீட்சைக்குப் படிக்கவேண்டுமா, வேண்டாமா என்று என்னிடம் கேட்டது. படி என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு நாள். கூட்டம் அலைமோதும், முதல் பஸ்சிலேயே போய்விட வேண்டும். முகாம் அட்டை நகல் மூன்று, போட்டோ ஆறு, பிரமாணப் பத்திரத்தின் அசலும் கையில் இருக்கட்டும்.